நாய்க்கு ரெண்டு பின்னங்காலும் விழுந்துடுச்சு, எத்தனை ஊசி போடணும்?

கேள்வி: ஐயா, தோட்டத்துக் காவல் நாய், 4 வயசு. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு, காலைல பார்த்தா பின்பக்கத்த இழுத்துக்கிட்டு வருது. சாப்பிடுது. மெடிக்கல்ல வலி மாத்திரையும் நரம்பு ஊசியும் குடுத்தாங்க, மாத்திரை ஒண்ணு குடுத்தாச்சு. பக்கத்து தோட்டத்துக்காரர் எண்ணெய் போட்டு உருவச் சொல்றாரு. எத்தனை ஊசி போட்டா எந்திரிக்கும்?

பதில்: ஊசிக் கணக்கு இருக்கட்டும் தம்பி, வெறிநோய் தடுப்பூசி போட்டிருக்கா இல்லையான்னு எழுதவே இல்லையே. வெறி புடிச்சா பாய்ஞ்சு கடிக்கும்னு மட்டும் நினைக்காதீங்க, கால் விழுந்து சத்தமில்லாம படுத்துக்கிறதும் அதுல உண்டு. குரல் மாறுது, எச்சில் ஒழுகுது, தாடை தொங்குதுன்னா தொண்டைல எலும்பு மாட்டிருக்கும்னு வாய்க்குள்ள கைய விட்றாதீங்க. ஏற்கனவே எச்சில் புண்ணுல பட்டிருந்தா சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடணும்.

அப்படி எதுவும் இல்ல, நல்லா முழுங்குதுன்னா பெரும்பாலும் முதுகெலும்புலதான் கோளாறு, எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி தண்டுவடத்த அமுக்கும், இல்ல ராத்திரி எங்கயாச்சும் அடிபட்டிருக்கும். பின்னங்கால் விரல நல்லா அழுத்திக் கிள்ளுங்க, மூஞ்சி பக்கம் தள்ளி நின்னுக்குங்க, வலில கடிச்சிடும். கால உதறுனா மட்டும் சந்தோஷப்படாதீங்க, உணர்ச்சி செத்தாலும் கால் தானா உதறும், திரும்பிப் பார்க்கணும் இல்ல கத்தணும். அது இல்லன்னா ஆபரேஷன் வசதி இருக்க கால்நடை ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு தள்ளுனா போச்சு. உணர்ச்சி இருந்தா நிறைய நாய் எந்திரிச்சிடும், ஆனா டாக்டர் சொல்ற 4-6 வாரம் குறுகலான கூண்டுல அடைச்சே வைக்கணும். உருவுறது, நடக்க வச்சுப் பார்க்குறது எல்லாம் இப்ப வேணாம்.

உண்ணி ஏறியும் கால் விழும், காது மடல், விரல் இடுக்கு பாருங்க.

இப்ப அந்த மெடிக்கல் கதைக்கு வரேன். எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் இது, மனுஷன் சாப்பிடுற டைக்ளோபினாக், ஐப்யூபுரோபன எடுத்து நாய்க்குக் குடுங்கன்னு கூசாம நீட்டுறாங்க, வயிறு புண்ணாகி ரத்தமா கழியும், கிட்னியும் போகும். பத்தாததுக்கு மறுநாள் கேக்கலன்னு ஸ்டீராய்டு வேற. வலி மறைஞ்சா நாய் சும்மா கிடக்குமா, எந்திரிக்கப் பார்த்துப் புரளும், பிதுங்குன டிஸ்க் இன்னும் வெளிய தள்ளும். நரம்பு ஊசின்னு தர்றது பி வைட்டமின், அமுங்கிக் கிடக்கிற தண்டுவடத்த அது என்ன பண்ணிடும்? விக்கிறவருக்கு ஒரு பில்லு, அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஒண்ணுக்கு போகுதான்னு பார்த்தீங்களா? படுத்த இடம் ஈரமா இருந்தா போகுதுன்னு நினைச்சுக்கிறாங்க, மூத்திரப்பை நிறைஞ்சு வழியுறதா இருக்கும். அடிவயித்த அமுக்கி எப்படி எடுக்குறதுன்னு டாக்டர்கிட்ட கத்துக்குங்க, ஒரு நாளைக்கு 3, 4 தடவை எடுக்கணும். விட்டா கிருமி கிட்னி வரைக்கும் ஏறும்.

தூக்கிட்டுப் போறப்ப அக்குள்ல கை குடுத்துத் தொங்க விடாதீங்க, பலகைல படுக்க வச்சு கட்டிக் கொண்டு போங்க. குடுத்த மாத்திரை அட்டையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டர் திட்டுவாருன்னு மறைச்சீங்கன்னா அவர் தெரியாம ஸ்டீராய்டு போட்ருவாரு, ரெண்டும் சேர்ந்தா வயித்துப் புண்ணு இன்னும் மோசமாகும்.