அலாய் வீலுக்கு ஆசிட் போடலாமா?

கேள்வி: என் காரில் இருப்பது டைமண்ட் கட் அலாய் வீல். முன் வீல் இரண்டும் பழுப்பேறிவிட்டன. லேசாக ஆசிட் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள் வாட்டர் வாஷ் கடையில். போடலாமா?

வேண்டாம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டும் வேண்டாம், அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான்.

டைமண்ட் கட் வீலில் வெள்ளியாக மின்னுவது பெயிண்ட் இல்லை. அலுமினியத்தை லேத்தில் சீவி, மேலே மெல்லிசாக கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடித்திருப்பார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. கல் தெறித்து அதில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தால் போதும், ஆசிட் உள்ளே இறங்கிவிடும். நாளாக ஆக அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளையாக அரிப்பு கிளம்பும். அது வந்துவிட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, மறுபடி சீவிப் பூச வேண்டியதுதான்.

பழுப்புக்குக் காரணம் பிரேக் தூசி. சூடான இரும்புத் துகள் பறந்து வந்து ஒட்டிக்கொள்கிறது, முன் பிரேக்குக்கு வேலை அதிகம் என்பதால் முன் வீலில்தான் கூடுதலாகப் படியும். வண்டி ஓட்டி வந்ததும் கழுவாதீர்கள், வீலும் பிரேக் டிஸ்கும் ஆறட்டும். தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, கார் ஷாம்புவில் மெத்தென்ற பிரஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் நார் பக்கத்திலேயே வரக்கூடாது. வீலுக்குத் தனி பக்கெட், தனி துணி. அதே துணியால் பாடியைத் துடைத்தால் பெயிண்டில் கோடு விழும். அப்புறமும் கறை நின்றால் அமிலம் இல்லாத அயர்ன் ரிமூவர் வாங்கி, நிழலில், ஒவ்வொரு வீலாக அடியுங்கள். இரும்பு கரையும்போது ஊதா நிறமாக வழியும், நாற்றமும் வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய விடாமல் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

வேறு வகை வீல் வைத்திருப்பவர்களுக்கு: மேலே கோட் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத இடத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். அதற்கு ஆசிட் மட்டுமில்லை, கடுமையான காரமும் (ஆல்கலி) ஆகாது, ஏனென்றால் அலுமினியம் இரண்டிலுமே அரிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவங்கள் பலவும் காரம்தான். அதனால் ஷாம்பு, பிறகு மெட்டல் பாலிஷ், போதும். குரோமுக்கும் ஆசிட் எதிரி. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் பாலிஷ், வேக்ஸ் இரண்டும் கூடாது, தேய்த்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். சாதாரண பெயிண்ட் வீலுக்கு, டைமண்ட் கட்டுக்குச் சொன்ன முறையே சரி.

கழுவி முடித்ததும் துணியால் ஈரம் எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் மிதியுங்கள். டிஸ்க் நனைந்திருக்கும், முதல் மிதியில் பிடிப்பு குறைவாக இருக்கலாம்.