ஒருத்தர் ரசீதுல இன்னொருத்தர் தேதி

கேள்வி: சார், எங்க ஜாவா வெப் அப்ளிகேஷன்ல எப்பவாவது ஒருத்தர் ரசீதுல வேற யாரோட தேதியோ வருது, சர்வரோட பதிவு ஃபைல்ல நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன்ங்கிற எரர் வேற. என் மெஷின்ல எவ்ளோ ஓட்டினாலும் வரமாட்டேங்குது. தேதியை எழுத்தா மாத்தற சிம்பிள்டேட்ஃபார்மேட்டை ஸ்டேட்டிக்கா, அதாவது எல்லாருக்கும் பொதுவா, ஒரே ஒரு தடவ உருவாக்கி எல்லா இடத்துலயும் யூஸ் பண்றோம், அதுவா காரணம்? அப்புறம் ஒரு பழைய டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) இருக்கு, ஒரே திரெட்லதான் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற ஒரு வேலை ஓட்டம்) ஓடும்னு சொல்றாங்க, அதை எப்படி எல்லாருக்கும் பொதுவா வைக்கிறது?

பதில்: அதேதாங்க காரணம். சிம்பிள்டேட்ஃபார்மேட் உள்ள ஒரு காலண்டர் ஆப்ஜெக்ட்டை வச்சிருக்கு, ஃபார்மேட் பண்ணச் சொன்னா நீங்க குடுத்த தேதியை முதல்ல அதுல எழுதிட்டு அப்புறம்தான் அதுலருந்து நாள், மாசம்னு படிக்கும். உங்க திரெட் எழுதி முடிச்சு படிக்கறதுக்குள்ள இன்னொரு திரெட் வந்து அதே காலண்டர்ல தன்னோட தேதியை எழுதிட்டா, நீங்க படிக்கிறது அவரோடது. பார்ஸ் பண்றப்போ, அதாவது எழுத்தை தேதியா மாத்தறப்போ, இன்னும் மோசம், அந்த எக்செப்ஷன் அங்கருந்துதான் வருது. உங்க மெஷின்ல நீங்க ஒரு ஆள்தானே கிளிக் பண்றீங்க, அப்புறம் எப்படி மாட்டும்?

சின்க்ரனைஸ்டு போட்டா, அதாவது ஒரு நேரத்துல ஒரு திரெட்தான் உள்ள போகலாம்னு வச்சா, சரியாகும்தான், ஆனா ஒரு தேதிக்காக எல்லா ரிக்வெஸ்டும் வரிசைல நிக்கணுமா? திரெட்டுக்கு ஒரு காப்பி வச்சுக்கற திரெட்லோக்கல்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது பிடிக்காது, டாம்கேட்ங்கிற ஜாவா வெப் சர்வர்ல டீஃபால்ட்டா 200 திரெட் வரைக்கும் போகும், திரெட்டுக்கு ஒரு காப்பி அங்கயே தங்கிரும். 2014ல ஜாவா 8 வந்ததுலருந்து அதே வேலைக்கு டேட்டைம்ஃபார்மேட்டர் இருக்கு, உருவாக்கினதுக்கு அப்புறம் மாறவே மாறாது, ஸ்டேட்டிக்கா தாராளமா வச்சுக்கலாம். பகிர்றதே பிரச்சனை இல்லாம போயிரும்.

டிஎல்எல் கதை வேற. அதுல ரெண்டு வகை இருக்கு, ஒரு நேரத்துல ஒருத்தர் கூப்பிட்டா போதும்ங்கிறது ஒண்ணு, அதுக்கு லாக் (பூட்டு) போதும். உருவாக்கின அதே திரெட்தான் கூப்பிடணும்னு அடம் பிடிக்கிறது இன்னொண்ணு, அங்க லாக் போட்டு பிரயோஜனமே இல்ல, ஏன்னா வெப்ல ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் திரெட் மாறிட்டே இருக்கும். அதுக்கு ஒரே திரெட் உள்ள எக்ஸிகியூட்டர் (குடுத்த வேலைகளை வரிசையா ஓட்டற ஜாவா கருவி) வச்சு, டிஎல்எல்லை லோட் பண்றது, கூப்பிடறது, மூடறது எல்லாமே அதுக்குள்ளயே பண்ணுங்க, மத்தவங்க வேலையை க்யூல போட்டுட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்கட்டும். ஜாவால ரெடிமேடா இருக்கற நியூசிங்கிள்திரெட்எக்ஸிகியூட்டர் குடுக்கற க்யூவுக்கு அளவே கிடையாது, கூட்டம் வந்தா மெமரி தீர்ந்துரும், அதனால திரெட்பூல்எக்ஸிகியூட்டரை ஒரே திரெட்டோட நீங்களே கட்டி அளவு வச்ச க்யூ குடுங்க, ரிசல்ட்டை வாங்கற கெட்ல டைம்அவுட்டும் (எவ்ளோ நேரம் காத்திருக்கலாம்ங்கிற எல்லை) போடுங்க. டைம்அவுட் ஆனா காத்திருந்தவர்தான் திரும்பிப் போவார், டிஎல்எல் உள்ள ஓடிட்டேதான் இருக்கும். அடிக்கடி தொங்குற சரக்குன்னா தனி ப்ராசஸா ஓட விட்டு, தொங்குனா கில் பண்ணி திரும்ப ஸ்டார்ட் பண்றதுதான் வழி.