பணக்காரர் ஆக்கும் புத்தகங்கள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

எங்கள் கடலூர் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் எடுத்துக்கொண்டது, பணம் சேர்க்க வழி சொல்லும் பழைய சுயமுன்னேற்றப் புத்தகங்களை. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சார், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்தால் பணக்காரர் ஆகலாம் என்கிறது பாபிலோன் பணக்காரர் புத்தகம். எனக்குச் சம்பளம் 15,000. நடக்குமா? (செம்மண்டலம்)

எடுத்து வைப்பது நடக்கும். பணக்காரர் ஆவது நடக்காது. மாதம் 1,500 ரூபாயை 6 சதவீத வட்டியில் பத்து வருடம் போட்டால் சுமார் 2.45 லட்சம் வரும். அதில் 1.8 லட்சம் நீங்கள் போட்ட பணமே. மீதி வட்டியில் பெரும்பகுதியை விலைவாசி தின்றுவிடும். ஆனால் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. அதற்காகவே சேமிக்கலாம்.

அந்தப் பாபிலோன் புத்தகம் சின்னச் சின்னக் கதைகளின் தொகுப்பு. 1926ல் புத்தகமாவதற்கு முன்பே, அந்தக் கதைகளை அமெரிக்க வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சிறு பிரசுரங்களாக வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. நீங்கள் சேமித்தால் அவர்களுக்கும் ஆதாயம். (நாங்கள் வருடா வருடம் காலண்டர் கொடுத்ததும் வெறும் பாசத்தால் அல்ல.)

அதே பத்தில் ஒரு பங்குதான் அண்ணா. ஆனால் வெளியில் ஒரு லட்சம் கடன் இருக்கு, மூணு ரூபா வட்டி. சேமிக்கவா, கடனைக் கட்டவா? (நெல்லிக்குப்பம்)

கடனைக் கட்டுங்கள் தம்பி. மூணு ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000, வருடம் 36,000. அதே ஒரு லட்சத்தை வங்கியில் டெபாசிட் போட்டால் வருடத்துக்கு ஏழாயிரம் கிடைத்தாலே அதிகம். கையில் ஒரு மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அசலில் கட்டுங்கள். கட்டும்போது அசலில் வரவு வைத்ததாக எழுதி வாங்காமல் நகராதீர்கள். நகை இருந்தால் வங்கியில் வைத்துக் குறைந்த வட்டிக்கு வாங்கி இந்தக் கடனை அடைப்பதும் நல்ல வழிதான்.

காலை நாலரைக்கு எழுந்தால் செல்வம் சேரும் என்கிறார்களே? (மஞ்சக்குப்பம்)

துறைமுகத்து மீன் ஏலத்துக்குக் கூடையோடு வரும் பெண்கள் அதற்கும் முன்பே எழுந்துவிடுகிறார்கள்.

உழைப்பும் மனஉறுதியும் இருந்தால் யாரும் முன்னுக்கு வரலாம், வராவிட்டால் குறை நம்மிடம்தான் என்கிற கருத்து எனக்கு உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐயா? (பண்ருட்டி, முந்திரி விவசாயி)

உங்களுக்கு உறுத்தாமல் யாருக்கு உறுத்தும்? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. வேரோடு சாய்ந்த முந்திரித் தோப்புகளில் சோம்பேறியின் மரம், உழைப்பாளியின் மரம் என்று பேதம் இல்லை. புதுக் கன்று வைத்தாலும் நல்ல மகசூல் காண வருடங்கள் ஆகும். அதுவரை பழைய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரிக் கணக்குகளை நான் மேசையில் வைத்துப் பார்த்தவன். மறுபடி எழுந்தவர்களுக்கும் விற்றுவிட்டுப் போனவர்களுக்கும் மனஉறுதியில் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எழுந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தார், நெய்வேலியிலோ வளைகுடாவிலோ.

இந்த வகையில் பேர்போனது நெப்போலியன் ஹில் 1937ல் எழுதிய 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' புத்தகம். இரும்பு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியே 1908ல் தன்னை அழைத்து வெற்றியின் ரகசியத்தை ஆராயச் சொன்னார் என்பது ஹில் சொன்ன கதை. கார்னகி 1919லேயே இறந்துவிட்டார். ஹில்லின் வாய்மொழியைத் தவிர அந்தச் சந்திப்புக்கு வேறு ஆதாரம் இல்லை. போகட்டும். கார்னகிக்கு ஆரம்பத்தில் பங்கு முதலீடுகளுக்கு வழி காட்டியவர், ரயில்வேயில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த டாமஸ் ஸ்காட். 'ஆசைப்படு, நம்பு' என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்கள், கைதூக்கிவிட மேலே ஒருவர் வேண்டும் என்பதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம்.

அதற்காக உழைப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. இலக்கை எழுதி வை, தெரிந்தவர்களோடு கூடிப் பேசு என்று ஹில் சொல்வதெல்லாம் உபயோகமானதுதான். தோற்றவனைக் குற்றவாளி ஆக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

எனக்கு மாச வருமானமே கிடையாது. பாடு பட்டா பணம், இல்லேன்னா இல்ல. இந்தப் புத்தகம் எனக்கு எப்படிப் பொருந்தும்? (முதுநகர், விசைப்படகுத் தொழிலாளி)

அப்படியே பொருந்தாது. அவை மாதச் சம்பளத்தை மனதில் வைத்து எழுதியவை. உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களின் வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டு, மீன்பாடு நன்றாக இருக்கும் நாட்களில் பங்குப் பணத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து அஞ்சலகக் கணக்கில் போடுங்கள். மோசமான நாளில் ஒன்றும் போட வேண்டாம், மனசாட்சி உறுத்தவும் வேண்டாம். பணம் வீட்டில் இருந்தால் யாராவது கைமாற்றுக் கேட்பார்கள், கணக்கில் இருந்தால் இல்லை என்று சொல்ல முடியும்.

லாஸ்பேட்டையில் 30 லட்சம் கடனில் ஃபிளாட் வாங்க இருக்கிறோம். சொந்த வீடு சொத்தே அல்ல, சுமை என்று 'ரிச் டாட் புவர் டாட்' புத்தகத்தில் கியோசாகி சொன்னதாக என் கணவர் தடுக்கிறார். (புதுச்சேரி)

மேடம், அவர் சொல்வதில் பாதி நியாயம். 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 26,000. மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். மாதாமாதம் பணம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பார்க்கச் சொல்வது அந்தப் புத்தகத்தின் நல்ல பகுதி. ஆனால் குடியிருக்கும் வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது, ஓய்வுக்குப் பின் கூரையாக நிற்கிறது. அதை கியோசாகி கணக்கில் குறைத்துவிடுகிறார். உங்கள் இருவரில் ஒருவர் சம்பளத்தில் மட்டும் தவணையும் வீட்டுச் செலவும் ஓடுமானால் வாங்குங்கள்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: கடன் வாங்கி முதலீடு செய் என்ற அவருடைய அடுத்த யோசனைக்கு. தவணை 90 நாள் தாண்டினால் வங்கிக்கு அது வாராக்கடன், பிறகு 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போடுகிற வேலையில்தான் நான் இருந்தேன்.

மச்சான் ஒரு சங்கிலித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். கூட்டத்தில் இந்தப் புத்தகங்களைத்தான் கொடுக்கிறார்களாம். (விருத்தாசலம்)

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வருமானம் பொருளை வெளியாருக்கு விற்பதில் வருகிறதா, புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணத்தில் வருகிறதா? இரண்டாவது என்றால் 1978 முதலே சட்டப்படி தடை. பணம் போட்ட ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ஏமாற்றம் என்று தெரிந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். 'உன் நம்பிக்கை போதவில்லை' என்று மச்சானிடம் அவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டால், தாமதிக்காதீர்கள்.

பையன் ஆறாவது படிக்கிறான். எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்? (திருப்பாதிரிப்புலியூர்)

அதற்கு முன் அவன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பியுங்கள். பத்து வயது நிரம்பியிருந்தால் அவனே கையெழுத்திட்டு நடத்தும் கணக்கை வங்கிகள் தருகின்றன. ஆதார், போட்டோவோடு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், சலானை அவனே நிரப்பட்டும்.