அம்மாவுக்கு மட்டும் சைகை தெரிந்தால் போதாது

காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். பிள்ளைக்குத் தேவைப்படும் மொழி வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி: மகளுக்கு 14 மாதம். பெரா டெஸ்டில் (காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்து காது மெஷின் போட்டிருக்கிறோம். சைகை காட்டினால் பேச்சு வராது என்கிறார்களே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சைகை பேச்சைத் தடுக்காது. எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் கழியும் மாதங்கள்தான் குழந்தையைப் பாதிக்கும். மொழி ஊன்றுவதற்கு முதல் ஐந்து வருடங்கள் மிக முக்கியம். அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும் மூளை ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் நவோமி கேசெல்லி குழுவினர் 2021ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் சைகை மொழியைப் பார்க்கத் தொடங்கிய குழந்தைகள், பெற்றோர் காது கேட்பவர்களாக இருந்தாலும், வயதுக்கேற்ற சொல்வளத்தோடு வளர்ந்தார்கள். ‘14 மாதம் ஆகிவிட்டதே’ என்று தயங்க வேண்டாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட கருத்து பழையது. 1880ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அதே மாநாட்டு வரிசை 2010ல் வான்கூவரில் கூடியபோது அதற்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருடம் போய்விட்டது!

மெஷினையும் பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள். ஆனால் குளிக்கும்போதும் தூங்கும்போதும் மெஷின் காதில் இருக்காது, பேட்டரியும் தீரும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்றும் நம்பியிருக்க வேண்டாம். கண்ணாடி முன் நின்று குரலில்லாமல் ‘படம்’, ‘மடம்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘பாடு’, ‘மாடு’. உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கேள்வி: எந்தச் சைகைகளில் தொடங்குவது? யூடியூபில் நிறைய இருக்கிறது, எதை நம்புவது? (வாசகர், கரூர்)

பதில்: ஏ, பி, சி வேண்டாம், நிறங்களும் வேண்டாம். ஒரு நாளில் பத்து தடவை தேவைப்படுவதை எடுங்கள்: பால், தண்ணீர், இன்னும், போதும், வேண்டாம், வா, எங்கே, வலி, தூக்கம், அம்மா, அப்பா. வாரத்துக்கு ஐந்து சொல் போதும். ஆனால் அந்த ஐந்தும் வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் வந்த பிறகுதான் அடுத்த ஐந்து.

‘பேபி சைன்’ என்று வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சைகை மொழி. நம் பிள்ளை நாளை பழகப்போகும் ஆட்களுக்கு அது புரியாது. சந்தேகம் வந்தால் எழுத்துகளைக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். எல்லா எழுத்தும் ஒரே கையால் என்றால் அமெரிக்கா. இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு கையும் சேரும். டெல்லியில் 2015ல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒரு வீடியோ அகராதி வைத்திருக்கிறது. 2021ல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள், இலவசம்.

அகராதி சொல்லைத்தான் தரும், மொழியைத் தராது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது காது கேளாத பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வரட்டும். மாவட்டக் காது கேளாதோர் சங்கத்திலோ, பக்கத்திலுள்ள காது கேளாதோர் பள்ளியின் பழைய மாணவர்களிடமோ கேளுங்கள். வேறெந்த டியூஷன் போலவும் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். அவர் காட்டும் சைகை அகராதியில் இருப்பதிலிருந்து மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். ஊருக்கு ஊர் சில சொற்கள் மாறும், இலக்கணம் மாறாது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும்போது உங்களையே போனில் எடுத்து, அகராதி வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரல்களின் வடிவம், கை தொடங்கும் இடம், அசைவு, உள்ளங்கை பார்க்கும் திசை, முகம் என்று ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். அதிகம் தவறுவது உள்ளங்கைதான். எதிரே இருப்பவரின் உள்ளங்கை உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் காட்டும்போது அது எதிராளிக்குத் தெரிய வேண்டும். பலர் தன் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

கேள்வி: இரண்டு வயது மகன். கையைக் காட்டினால் பார்ப்பதே இல்லை, பொம்மையிலேயே இருக்கிறான். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அவன் பொம்மையையும் உங்கள் கையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. காது கேட்கும் குழந்தை பந்தைப் பார்த்துக்கொண்டே ‘பந்து’ என்று கேட்டுவிடும். இவனுக்கு ஒன்று முடிந்துதான் இன்னொன்று. அவன் பந்தைப் பார்க்கட்டும், காத்திருங்கள். அவனாக நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்ததும் சைகை காட்டுங்கள். மறுபடி பந்துக்குப் போக விடுங்கள். அவன் நிமிரவில்லையென்றால் உங்கள் கையை அவன் பார்வைக்குள் கொண்டுபோய், பந்துக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். தாடையைப் பிடித்துத் திருப்பவே கூடாது. திருப்பத் திருப்ப, முகம் பார்ப்பதே பிடிக்காமல் போய்விடும்.

கூப்பிடுவதற்குத் தோளில் இரண்டு முறை லேசாகத் தட்டலாம், பார்வை ஓரத்தில் கையை ஆட்டலாம், லைட்டை ஒரு தடவை அணைத்துப் போடலாம். டைல்ஸ் தரையில் காலால் தட்டினால் அதிர்வு போகாது. கட்டிலையோ மர மேஜையையோ தட்டினால் போகும். ஜன்னலுக்கோ டியூப்லைட்டுக்கோ முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகிவிடும். கதைப் புத்தகம் என்றால் அவனை மடியில் வைத்துக்கொள்ளாமல் எதிரே உட்காருங்கள்.

அவன் விரல் வடிவம் தப்பாக வந்தால் திருத்த வேண்டாம். அது மழலை. நீங்கள் சரியாகத் திருப்பிக் காட்டினால் போதும்.

கேள்வி: 200 சொல் தெரியும். ஆனால் மகளின் டீச்சர், நான் காட்டுவது மொழியாக இல்லை என்கிறார். (வாசகி, மதுரை)

பதில்: பேசிக்கொண்டே கையையும் ஆட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வாய் முந்தும், கை பாதிச் சொல்லை விழுங்கிவிடும், முகம் பேச்சுக்குப் போய்விடும். தினமும் அரை மணி நேரமாவது குரலை நிறுத்திவிட்டுச் சைகை மட்டும் காட்டுங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தியச் சைகை மொழியிலும் வினைச்சொல் கடைசியில், மறுப்பும் கடைசியில். ‘சாப்பிட்டாச்சு’ என்பதில் ‘ஆச்சு’ வருகிற மாதிரி, முடிந்ததைக் காட்டும் சைகையும் கடைசியில்தான். கேள்விச் சைகையும் அப்படியே. ஒரே கேள்விச் சைகையே ‘முகம்’ என்ற சைகையோடு சேர்ந்தால் ‘யார்’, ‘இடம்’ என்பதோடு சேர்ந்தால் ‘எங்கே’, ‘நேரம்’ என்பதோடு சேர்ந்தால் ‘எப்போது’. வேற்றுமை உருபுகளைத் தேடாதீர்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதே சொல்லிவிடும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் ஏற வேண்டும். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் ‘சாப்பிடு’. புருவம் ஏறினால்தான் ‘சாப்பிடுகிறாயா?’. நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள், அவளுக்கு அது உத்தரவாகத் தெரிகிறது.

கேள்வி: எனக்கு 71 வயது, விரல் மடங்காது. பேரனோடு சைகையில் பேச முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாகப் பேசலாம் அம்மா. விரல் பாதி மடங்கினாலும் இடமும் அசைவும் சரியாக இருந்தால் பேரன் பிடித்துக்கொள்வான். இரண்டு கைச் சைகைகளில் பலவற்றை ஒரு கையால் காட்டினாலும் புரியும். உங்கள் வீட்டில் தோசைக்குக் கையை வட்டமாகச் சுற்றுவது போல ஏதாவது சொந்தச் சைகை உருவாகியிருந்தால் அதை நிறுத்த வேண்டாம். அகராதிச் சைகையையும் கூடவே காட்டுங்கள்.

கேள்வி: கல்யாண வீட்டுக்குப் போனாலே மகன் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறான். வயது 12. (வாசகர், ஈரோடு)

பதில்: எல்லாரும் சிரிக்கும்போது ‘என்ன?’ என்று கேட்டிருப்பான். ‘ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்’ என்று பதில் வந்திருக்கும். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. அப்போதே ஒரு வரியாவது சொல்லுங்கள்: மாமா, பழைய கதை, பஸ்ஸைத் தவறவிட்டது. பந்தியில் வரிசை நடுவே உட்கார்ந்தால் யார் முகமும் தெரியாது. நீங்கள் எதிர் வரிசையில் அவனுக்கு நேராக உட்காருங்கள். வீட்டில் வட்டமாக உட்காருங்கள். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கட்டும், பேசுகிறவரை யாராவது விரலால் சுட்டிக்காட்டட்டும்.

வீட்டில் நீங்களும் உங்கள் மனைவியும் பேசிக்கொள்வதையும் அவன் எதிரில் சைகையிலேயே பேசுங்கள். மற்ற பிள்ளைகள் மளிகைக் கணக்கு, மாமியார் வருகை, கரண்ட் பில் எல்லாவற்றையும் காதில் விழுந்தே தெரிந்துகொள்கிறார்கள். இவனுக்குக் கண்ணில் விழ வேண்டும். அடுப்பில் குக்கர் விசிலடித்ததும் அம்மா திடீரென்று எழுந்து போனால் ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எழுவதற்கு முன்னால் ‘குக்கர்’ என்று காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.