தினம் ஒரு மூடி அம்மோனியா: தொட்டி ஏன் தயாராகவில்லை?

கேள்வி: 100 லிட்டர் புதுத் தொட்டி. மீன் விடுமுன், மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பில்டரில் வளர, கடைக்காரர் கொடுத்த, சதவீதம் அச்சிடாத பாட்டில் அம்மோனியாவை தினமும் ஒரு மூடி ஊற்றுகிறேன். மூன்று வாரமாகியும் டெஸ்ட் கிட்டில் அடர்பச்சைதான், அதாவது அம்மோனியா குறையவே இல்லை. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்றால் உண்டாகும் நைட்ரைட்டும் வரவே இல்லை. இன்னும் ஊற்றலாமா?

பதில்: இனி ஒரு சொட்டுகூட வேண்டாம். பாக்டீரியாவுக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா போதும். 5-ஐத் தாண்டினால் அதன் வளர்ச்சியே முடங்கும். உங்களுடையது 25 சதவீதக் கரைசலாக இருந்தால், 5 மில்லி மூடி ஒன்று, ஒரே நாளில் உங்கள் தொட்டியை 11-க்கு ஏற்றிவிடும். நீங்கள் மூன்று வாரம் ஊற்றியிருக்கிறீர்கள். சதவீதமே அச்சிடாத பாட்டிலை விற்க எப்படி அனுமதிக்கிறார்களோ! அந்தக் கடைக்காரரே அடுத்து "பாக்டீரியா பாட்டில் ஊற்றி நாளைக்கே மீன் விடுங்கள்" என்பார். நம்பாதீர்கள், சாவது மீன், லாபம் அவருக்கு.

அளவு 2-க்கு இறங்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா ஒட்டியிருப்பது பில்டர் பஞ்சில், தண்ணீரோடு போய்விடாது. பஞ்சைக் கழுவ வேண்டாம்.

இனிமேல் அம்மோனியம் குளோரைடு தூள் வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் இதேதான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரமே நல்லது. 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சால் 30 மில்லி எடுத்து விட்டால் ஏறத்தாழ 2 பிபிஎம். அது பூஜ்யத்துக்கு அருகில் இறங்கிய பிறகே அடுத்த முறை. நாள் கணக்கு பார்க்காதீர்கள், டெஸ்ட்டைப் பாருங்கள். நைட்ரைட் ஏறியதும் பாதி அளவு போதும்.

கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ நிரப்பியிருந்தால் கதை வேறு. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையையும் சேர்த்தே தின்கிறது. ஆர்ஓ தண்ணீரில் அது இருப்பதே கொஞ்சம். அது தீர்ந்ததும் பிஹெச் 6.5-க்குக் கீழே சரியும், வேலை நின்றுவிடும். அப்போது எத்தனை வாரம் காத்தாலும் பயனில்லை. போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றி, மறுநாள் பிஹெச் பாருங்கள். அம்மோனியா குறையவில்லை என்று பலர் இங்கேதான் இன்னும் ஊற்றிக் கெடுக்கிறார்கள்.

2 பிபிஎம் விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நைட்ரைட் மாறி உண்டாகிச் சேர்ந்துள்ள நைட்ரேட் போக முக்கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றிவிட்டு, அன்றே மீன் விடுங்கள்.