காஸ்டிக் சோடாவுக்குக் கண்ணாடி ஜாடி ஆகுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். சொந்தத் தோப்புத் தேங்காய், செக்கில் ஆட்டிய எண்ணெய் என்பதால் வீட்டுக்கு மட்டும் சோப் காய்ச்சுகிறோம். காஸ்டிக் சோடா கரைக்க, பொள்ளாச்சியில் ஒரு பாத்திரக் கடையில் பெரிய கண்ணாடி ஜாடி வாங்கினேன். "ஆசிட்டே கண்ணாடி பாட்டிலில்தான் வருது, இது எதையும் தாங்கும்" என்றார் கடைக்காரர். சில தடவை நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் கலக்கிக்கொண்டு இருக்கும்போதே ஜாடியின் அடிப்பாகம் வட்டமாகக் கழன்று, கரைசல் முழுவதும் சமையல் மேடையில் கொட்டிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? அடுத்து எந்தக் கண்ணாடி வாங்குவது?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆசிட்டைக் கண்ணாடி தாங்கும். ஆனால் காஸ்டிக் சோடா ஆசிட் இல்லை, அதற்கு நேர் எதிரான காரம். கண்ணாடியில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சிலிக்காவைக் காரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சோடியம் சிலிகேட்டாகக் கரைத்துவிடும். கரைசல் கெட்டியாகவும் சூடாகவும் இருந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். உடைந்த துண்டு ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு நன்றாகக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உள்பக்கம் மங்கி, புகை படிந்த மாதிரி இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு அரிப்பு இருந்தாலும் போதும், கண்ணாடி பலம் இழந்துவிடும். நாலு தடவை தாங்கியது ஐந்தாவது தடவை விட்டுப்போவது இப்படித்தான்.

இதோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 175 முதல் 180 கிராம் காஸ்டிக் சோடா போடுவீர்கள். அதை 350 மில்லி தண்ணீரில் கரைத்தால், அடுப்பே இல்லாமல் சில நிமிடங்களில் 80 டிகிரியைத் தாண்டும். காஸ்டிக் சோடாச் சில்லுகள் அடியில் போய்ப் படிவதால் முதலில் கொதிப்பதும் அடிப்பாகம்தான். அடி விரிகிறது, மேலே பக்கச் சுவர் இன்னும் ஆறியே இருக்கிறது. அடி தனியாக வட்டமாகக் கழன்றதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

"அப்படியானால் போரோசிலிகேட் வாங்கலாமே" என்று அடுத்த கடைக்காரர் சொல்லுவார். சூட்டில் அது சாதாரணக் கண்ணாடியைவிட மூன்றில் ஒரு பங்குதான் விரியும், அதனால் சட்டென்று விரிசல் விடாது. ஆனால் காரம் அதையும் தின்னும். விலை கூடுதல், ஆபத்து கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கல்லூரி ஆய்வகங்களிலேயே காஸ்டிக் சோடாக் கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வைப்பார்கள்.

சரி, எதை வாங்குவது? பிளாஸ்டிக் ஜக்கையோ வாளியையோ கவிழ்த்து அடியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். உள்ளே 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன். சூடு தாங்கும், கலக்குவதற்கு அதுதான் நல்லது. 2 என்றால் கெட்டிப் பாலித்தீன், ஆறிய கரைசலை ஊற்றி வைக்க ஏற்றது. 1 என்றால் குடிநீர் பாட்டில் ரகம், காரம் பட்டால் கெட்டுப்போகும். 7 வேண்டாம். எண்ணே இல்லாத வாளி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதுவும் வேண்டாம். கனமான எவர்சில்வர் பாத்திரம் பரவாயில்லை, ஆனால் வெளிப்புறமும் கொதிக்கும், வெறுங்கையால் தூக்காதீர்கள். அலுமினியம், இண்டாலியம், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வாளி மூன்றும் கூடவே கூடாது. காரம் பட்டதும் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும். கரண்டிக்கும் இதே விதி.

இன்னொன்று: சமையல் மேடையில் ஏன் கலக்குகிறீர்கள்? பின்கட்டில், காற்றோட்டமான இடத்தில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கலக்குங்கள். ஜக்கை ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துவிட்டால், கொட்டினாலும் அதற்குள்ளேயே நிற்கும். முதலில் ஆறிய தண்ணீர், அதில் காஸ்டிக் சோடா கொஞ்சம் கொஞ்சமாக. சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும்.

இனி பணம். ஊறுகாய் ஜாடி என்று விற்ற பொருள் காரத்தில் உடைந்தது என்றால் வழக்கு பலவீனம்தான். கடைக்காரர் வாயால் சொன்னது பில்லில் இருக்காது. ஆனால் பெட்டியில் 'போரோசிலிகேட்' என்றோ 'சூடு தாங்கும்' என்றோ அச்சடித்து, அது பொய்யாக இருந்தால் கதை வேறு. பெட்டி, பில், துண்டுகளின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் வாங்கியதால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டும் என்று பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டு மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. என்னைக் கேட்டால், ஜாடி விலைக்காக இவ்வளவு தூரம் போக மாட்டேன். கையில் பட்டிருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.

கேள்வி: மூணாறு எஸ்டேட்டில் இருக்கிறோம். பழைய ஆய்வகப் பாட்டில் ஒன்றில், பாதிக்குப் பாதி காஸ்டிக் சோடாக் கரைசல் வைத்திருந்தேன். கண்ணாடி மூடி இறுகிவிட்டது. இந்தக் குளிரில் உள்ளே வெள்ளையாக உறைந்தும் இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பாதிக்குப் பாதிக் கரைசல் சுமார் 12 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், உங்கள் ஊர் ராத்திரிக்கு அது சாதாரணம். பகல் சூட்டில் தானாக இளகட்டும், அடுப்பில் காட்டாதீர்கள். மூடி விஷயம்தான் சிக்கல். தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியின் இடுக்கில் காரம் புகுந்தால் இரண்டு கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளும். தட்டாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பாட்டிலின் கழுத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணி சுற்றி, அதைத் தடித்த துண்டில் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். அசையவில்லையா, விட்டுவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் அப்படியே வைத்து, பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேளுங்கள். திறந்தால், பிளாஸ்டிக் திருகுமூடி பாட்டிலுக்கு மாற்றுங்கள். காற்றுப் பட்டால் கரியமில வாயுவை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்புக்கு உதவாத சலவைச் சோடாவாக மாறிவிடும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கேள்வி: ஆரியங்காவிலிருந்து எழுதுகிறேன். குழாய் அடைப்புக்கு வாங்கிய காஸ்டிக் சோடா மீந்துவிட்டது. கரைத்துக் காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. தண்ணீர் மாதிரி தெரியும், தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். கரைக்காமல், வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் வையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மண்டையோடும் வரைந்து ஒட்டுங்கள். குழாய் அடைப்புப் பொடியைச் சோப்புக்கும் எடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது புண்ணாக்கியது ஏறும்போதும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள், டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவுவதை நிறுத்தாமலேயே ஆள் அனுப்பி வண்டி பிடியுங்கள்.