திண்ணைக்கு ஏது அருங்காட்சியகம்?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரே அறை கொண்ட பழைய கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை அருங்காட்சியகமாகப் பாதுகாத்து வருவதைப் பார்த்தேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடமும் இப்படித்தானே இருந்திருக்கும்? சென்னையில் அதை எங்கே பார்க்கலாம்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பாடம் நடந்த விதத்தில் இரண்டும் நெருங்கிய உறவுதான். அங்கே எட்டு வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர்; ஒரு வகுப்பை முன்பெஞ்சுக்கு அழைத்து அவர் பாடம் ஒப்பிக்கச் சொல்லும்போது, மற்றவர்கள் தத்தம் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே வாத்தியாரின் சுமையில் பாதியை, மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சுமந்தான். சென்னையில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் தம் பொறுப்பில் இருந்த எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் அதைக் கையாண்டு, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்து, அந்த அனுபவத்தை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. (சட்டாம்பிள்ளையின் பிரம்பும் கூடவே கப்பலேறியதா என்று கேட்காதீர்கள்.)

வேறுபாடு கட்டடத்தில்தான். அங்கே பள்ளிக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் பேருந்தில் பெரிய பள்ளிகளுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தக் கட்டடம் நிலைத்து நின்றது. தாம் படித்த ஒற்றையறைப் பள்ளியை ஹென்றி ஃபோர்டு மிச்சிகனிலுள்ள டியர்பார்னுக்கே பெயர்த்துக் கொண்டுபோய் நிறுவினார். நம்முடையதோ யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை அல்லது கோயில் மண்டபம். வாத்தியார் எழுந்து போனால் பள்ளிக்கூடமும் போயிற்று. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்க உத்தரவிட்டு, 1826-இல் எழுதிய குறிப்பில், சென்னை மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்ததாகப் பதிவுசெய்தார். அத்தனை இருந்தும் கண்ணில் காட்ட அதிகம் மிஞ்சாததற்குத் தனிக் கட்டடம் இல்லாததே காரணம் என்பது என் எண்ணம். அந்தத் திண்ணைகளில் பெண் குழந்தைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னால்தான் எந்தக் காட்சிக்கூடமும் நேர்மையாக இருக்கும்.

பள்ளிக்கூடமாக இல்லாவிட்டாலும், திண்ணை எப்படி இருந்தது என்று அறிய, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குச் செல்லுங்கள். ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய பழைய வீடுகள் அங்கே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை.